தண்ணீர் மருந்துக்காரி என்ற பட்டம்

ஒரே மருந்து பட்ட இரண்டு புல்லில் ஒன்று செத்து, மற்றொன்று ஏன் பிழைக்கிறது? அன்று எனக்கு விடை தெரியவில்லை. தெரிந்திருந்தால் என் சித்தியை அத்தனை பேர் முன்னால் தனியாக நிற்க விட்டிருக்க மாட்டேன்.

சித்தி ஒன்பது வருடமாக ஒரு கோதுமைப் பண்ணையில் களைக்கொல்லி தெளிப்பவர். அளவுக் கோப்பையைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பார்க்காமல் ஒரு சொட்டு ஊற்ற மாட்டார். வீட்டில் எண்ணெயைக்கூட அப்படித்தான் அளப்பார். "சித்தி, இது அடுப்படி, ஆய்வகம் இல்ல" என்று கேலி செய்வோம்.

அந்த வருடம் களை சாகவில்லை. மேற்பார்வையாளர் எல்லோரையும் கொட்டகையில் நிறுத்திக் கேட்டார்.

"மருந்த வித்துட்டு வெறும் தண்ணியத் தெளிச்சியாம்மா?"

"அளந்துதான் சார் ஊத்தினேன்."

"அப்ப புல்லு உனக்கு மாமன் மச்சானா? பாவம்னு விட்டுட்டியா?"

கூட வேலை செய்தவர்களும் சிரித்தார்கள். மறுநாள் வேலை போனது. தெருவில் 'தண்ணி மருந்துக்காரி' என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது.

சித்தி அழவில்லை. வயலில் தப்பிய புல்லை ஒரு தொட்டியிலும், மருந்தே படாத எங்கள் தெருவோரத்து அதே புல்லை இன்னொன்றிலும் நட்டார். இரண்டையும் தூக்கிக்கொண்டு பண்ணை அலுவலக வாசலில் மூன்று நாள் நின்றார்.

"சீல் பிரிக்காத டப்பாவ நீங்களே பிரிங்க சார். நீங்களே கலந்து தெளிங்க."

தொல்லை தாங்காமல் மேற்பார்வையாளர் தெளித்தார். மூன்று வாரத்தில் தெருப்புல் கருகியது. வயல்புல் கொழுகொழுவென்று நின்றது.

அந்தப் புல்லை நான் ஆய்வகத்துக்கு அனுப்பினேன். பதில் வந்தபோதுதான் புரிந்தது. கோதுமையில் சில நொதிகள் உண்டு. அவை மருந்தின் மூலக்கூறில் ஓர் ஆக்சிஜன் அணுவைச் சேர்க்கும். அதோடு விஷத்தின் வேகம் அடங்கத் தொடங்கும். கோதுமை பிழைப்பது அதனால்தான். அந்த வகை நொதி அதிகமாக உருவாகும் புல்லும் வயலில் கொஞ்சம் இருந்திருக்கிறது. வருடா வருடம் ஒரே மருந்து பட்டதில் மற்றவை செத்தன. இவை விதை போட்டுப் பெருகின.

மருந்தை மாற்றலாமே என்று சித்தி இரண்டு தடவை சொல்லியிருந்தார். "தெளிக்கிறது உன் வேலை, யோசிக்கிறது என் வேலை" என்றது அதே மேற்பார்வையாளர்தான்.

இப்போது மருந்து மாறிவிட்டது. சித்தியையும் திரும்ப எடுத்துக்கொண்டார். "சரி, நாளைக்கு வா" என்றார், அவ்வளவுதான். கொட்டகையில் கூட்டம் போட்டுத் திருடி என்றவருக்கு, 'தப்பு என்னுது' என்று சொல்ல ஒரு கூட்டம் போட முடியவில்லை.

நேற்றுகூட கடையில் ஒருவர் அந்தப் பட்டத்தைச் சொல்லித்தான் கூப்பிட்டார். எனக்கு வயிறு எரிகிறது. அந்தப் பட்டம் எத்தனை காதுக்குப் போனதோ, அத்தனை காதுக்கும் இந்தக் கதை போக வேண்டும். சிரித்தவர்களிடம் முதலில் சொல்லுங்கள்.