வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மாற்றிய சீலை

நான்காம் வகுப்பில் நான் பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப் போனதற்கெல்லாம் என் அம்மாவின் சீலைதான் காரணம். வகுப்பு வாசலில் முட்டி போட்டவள் நான். ஏன் பிந்தியது என்று டீச்சர் கேட்டால் வாயைத் திறக்கவும் கூடாது.

அப்பா துபாயில் வேலை பார்த்தார். அம்மா ஏரலில் ஒரு பாத்திரக்கடைக்குப் பில் போடப் போவாள். வழியில் என்னைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுவாள். ஒருநாள் அவள் முந்தானை ஸ்கூட்டரின் பின்சக்கரத்தில் சுற்றிக்கொண்டு இழுக்க, இரண்டு பேரும் ஆற்றுப்பாலத்துக்குப் பக்கத்தில் விழுந்தோம். அம்மாவுக்கு முழங்கையில் தோல் உரிந்தது. என் சாப்பாட்டு டப்பா நசுங்கி, பிறகு மூடவே இல்லை. அந்த வாரமே அம்மா இரண்டு சுடிதார் வாங்கி வந்தாள்.

எங்கள் வீட்டில் அத்தையும் இருந்தாள். அப்பாவின் அக்கா. சின்ன வயதிலேயே மாமாவைப் பறிகொடுத்துவிட்டு வந்து, தம்பியை வளர்த்து ஆளாக்கியவள். முதலில் கொஞ்ச காலம் வெள்ளைச்சீலை உடுத்தினாளாம். தெருவில் வெள்ளை உடுத்துவது நின்றுபோன பிறகு சாம்பல், வெளிர்நீலம் என்று மாறி, இப்போது பூப்போட்ட நைட்டிக்கு வந்து சேர்ந்திருந்தாள். நைட்டிக்கு மேலே ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு ரேஷன் கடை வரைக்கும் போவாள். ஆனால் அம்மாவின் சுடிதாரைப் பார்த்ததும் குதித்துவிட்டாள்.

“ஏளா, தாலி கட்டுனவ கால்சட்டை மாட்டிக்கிட்டு தெருவுல போவாளா? அதெல்லாம் வேதக்காரப் பழக்கம்!”

எங்கள் தெருவுக்கும் கிறிஸ்தவர்கள் குடியிருந்த வேதக்கோயில் தெருவுக்கும் நடுவில் ஒரு வாய்க்கால்தான். அந்தத் தெருவில் ஒரு டீச்சரம்மா, கோயிலுக்கு முக்காடு போடாத தன் மருமகளைப் பார்த்து, “இதெல்லாம் அந்தப் பக்கத்து இந்துப் பிள்ளைகள்ட்ட இருந்து ஒட்டுனது” என்று சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு தெருக் கொடிகளிலும் ஒரே மாதிரி நைட்டியும் சுடிதாரும்தான் காய்ந்தன. எது யாரிடமிருந்து யாருக்கு ஒட்டியது என்று வாய்க்காலுக்குக்கூடத் தெரியாது.

மாசமாக வீட்டில் இருந்த அந்த மருமகள் அம்மாவுக்குச் சிநேகிதி. டீச்சரம்மா காலையிலேயே வேலைக்குப் போய், டியூஷனும் முடித்து இருட்டிய பிறகே திரும்புவது வசதியாகப் போயிற்று. அம்மா வீட்டிலிருந்து சீலையில் கிளம்புவாள்; வாய்க்காலைத் தாண்டி அந்த வீட்டில் சுடிதார் மாற்றுவாள்; சாயங்காலம் திரும்பவும் அங்கே நுழைந்து சீலையில் வருவாள். நான் வெளியே ஸ்கூட்டருக்குக் காவல். இந்தக் கூத்துக்கு ஒரு சுடிதாரும் ஒரு சீலையும் போதாதா, நான் எதற்கு என்று தினமும் எரிச்சலாக வரும்.

ஒரு சாயங்காலம் வந்து பார்த்தால் அந்த வீடு பூட்டிக் கிடந்தது. எதிர்வீட்டு அக்கா ஓடி வந்தார்.

“மருமகளுக்கு வலி வந்துட்டுன்னு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்காவ. சாவி டீச்சரம்மா கையில.”

அம்மாவின் சீலை உள்ளே இருந்தது. இருட்டிக்கொண்டு வந்தது. எனக்குப் பசி. “எம்மா, சுடிதாரோடயே வா. அத்தை என்ன, கடிச்சா தின்னுருவாவ?” என்றேன். அம்மா படியில் உட்கார்ந்துவிட்டாள்.

எதிர்வீட்டு அக்கா விஷயத்தைப் புரிந்துகொண்டு, உள்ளே போய் இரண்டு சீலைகளோடு வந்தார். ஒன்று பழைய பச்சை வாயில் சீலை. மற்றது நல்ல வெள்ளை.

“பச்சைய உடுத்திக்கோங்க. இந்த வெள்ளை, கோயில்ல ராப்போசனம் எடுக்குற ஞாயித்துக்கிழமைக்கு உடுத்துறது. இஸ்திரி போட்ட துணியோட சேர்ந்து வந்துட்டு.”

அம்மா இரண்டையும் பார்த்தாள். பிறகு, “இதையே தாங்க அக்கா, துவைச்சுத் தாரேன்” என்று வெள்ளையை வாங்கினாள். அதற்கு ஏற்ற வெள்ளை ஜாக்கெட்டும் வந்தது. அவளுக்குத் தொளதொளவென்று இருந்தது. முதுகில் ஊக்குக் குத்திக்கொண்டாள். ஹெல்மெட்டைக் கழற்றும்போது ஒட்டுப்பொட்டு உள்ளே ஒட்டிக்கொள்வது வழக்கம். தினமும் எடுத்துத் திரும்ப வைத்துக்கொள்வாள். அன்று அதையும் எடுக்கவில்லை. நான் சொன்னேன். காதில் வாங்காமல் வண்டியை எடுத்தாள்.

அத்தை வாசலிலேயே நின்றிருந்தாள். ஏன் பிந்தியது என்று திட்டுவதற்காகத்தான் நின்றிருப்பாள். அம்மா வண்டியை விட்டு இறங்கித் தெருவிளக்கு வெளிச்சத்துக்கு வந்தாள். அத்தையின் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை.

“அய்யோ! எந்தம்பிக்கு என்னளா ஆச்சு?”

“ஒண்ணும் இல்ல மதினி. மத்தியானம்கூடப் பேசினாவ. சீலை நனைஞ்சிட்டு, அந்தத் தெருவுல கடனா வாங்கி...”

அத்தை கேட்கவில்லை. அம்மாவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாள். “கழட்டுளா! மொதல்ல இதைக் கழட்டு! சுடிதாரோ கிடிதாரோ என்ன எழவையும் மாட்டித் தொலை, நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். இதை மட்டும் உடுத்தாத!” சாமி மாடத்திலிருந்து குங்குமச் சிமிழை எடுத்தாள். அவள் அதைத் தொட்டு நான் பார்த்ததில்லை. அவசரமாக அள்ளி வைத்ததில் குங்குமம் அம்மாவின் நெற்றியில் நிற்காமல் மூக்கிலும் அந்த வெள்ளைச் சீலையிலும் கொட்டியது.

அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். “மதினி, என்னை மன்னிச்சிருங்க, மன்னிச்சிருங்க” என்று அழ ஆரம்பித்துவிட்டாள். அத்தையும் அழுதாள். அடுப்பில் எதையும் காணோம். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

“அந்த அக்கா பச்சைச் சீலையைத்தானே தந்தாவ? அதை வாங்கியிருந்தா இவ்வளவு அழுகை உண்டா?” என்று கத்தினேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

மறுநாள் அம்மா எங்கள் வாசலிலிருந்தே சுடிதாரில் கிளம்பினாள். அத்தை, “பைய ஓட்டு” என்று மட்டும் சொன்னாள். மணி அடிப்பதற்கு முன்பே பள்ளிக்கூடம் வந்துவிட்டது. சந்தோஷம் தாங்காமல் நான் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தேன். நினைத்தது நடந்த பிறகும் அம்மா ஏன் முகத்தை இப்படித் தொங்கப்போட்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே ஓடினேன்.