காலையில் பதிந்த தடம்

ஹெல்சிங்கியில் பக்கத்து வீட்டுக்காரரோடு பேச நேர்ந்துவிடக் கூடாதே என்று, படிக்கட்டில் நடமாட்டம் ஓயும்வரை கதவுக்குப் பின்னால் காத்திருப்பார்கள். தைமி அதில் கைதேர்ந்தவள். பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தாறு வருடமாக வேலை; குடியிருப்பில் ஒருவர் பெயரும் தெரியாது. திமிரல்ல. முன்பின் தெரியாதவரிடம் வலியப் பேசுவது, அவர் வீட்டுக்குள் செருப்போடு நுழைவது மாதிரி என்று மனதார நம்பினாள்.

வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவே சின்ன விரிகுடா. கடல் உறைந்தால் அதன்மேலேயே நடந்து வேலைக்குப் போவாள். உடைந்து விழுந்தால் ஐஸில் குத்திப் பிடித்து ஏற, கழுத்தில் இரண்டு ஆணிப்பிடிகள் தொங்கும். மார்ச் கடைசியிலும் காலையில் ஐஸ் இறுகித்தான் இருக்கும். மத்தியான வெயிலில் உள்ளுக்குள் இற்றுப்போகும், மேலே பார்த்தால் தெரியாது. அதனால் திரும்பி வருவது பஸ்ஸில். அங்கே பிறந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

போன வருடம் மார்ச் கடைசியில் ஒரு வியாழக்கிழமை மத்தியானம். பிள்ளைகளுக்குப் பட்டாணி சூப் ஊற்றிக்கொண்டிருந்தவள் ஜன்னல் வழியே பார்த்தாள். காலையில் புதுப்பனியில் அவள் நடந்துவந்த தடத்தின்மேலேயே, மஞ்சள் கோட்டுப் போட்ட ஒரு பெண் போன் பேசியபடி வந்துகொண்டிருந்தாள்.

கூட வேலை செய்யும் சிர்க்குவும் எட்டிப் பார்த்தாள். "யாருடி அது, இந்த நேரத்துல? ஒரு சத்தம் குடேன்."

"யாருன்னே தெரியாது. என்னன்னு கூப்பிடறது?"

"ஆமா, முதல்ல போய் அறிமுகம் பண்ணிக்கோ!"

"தெரிஞ்சுதான் வருவாங்க. விடு."

அடுத்த கிண்ணத்தை நிரப்பிவிட்டு நிமிர்ந்தபோது மஞ்சள் கோட்டு இல்லை. தைமி கத்திக்கொண்டே கரைக்கு ஓடினாள். அப்போது மட்டும் கத்தத் தெரிந்தது. மீட்புக்காரர்கள் வருவதற்குள் எல்லாம் முடிந்துபோயிருந்தது.

அதன்பிறகு டிராமில் யாருடைய பையாவது மஞ்சளாக இருந்தால் போதும், அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிடுவாள். தூங்கினால் தடம் தெரியும். எண்ணி எண்ணி நடப்பாள், கரை வராது. இந்த மார்ச் பிறந்ததும், வேலை முடிந்த கையோடு கரையில் போய் நிற்கத் தொடங்கினாள். கண்ணில் பட்ட வெளியூர்க்காரரையெல்லாம் மறித்தாள்.

"இறங்காதீங்க! தடத்த நம்பாதீங்க, அது காலைல போனவங்க தடம்!"

ஊர்க்காரர்கள் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று ஒதுங்கிப் போனார்கள். அவளுக்கே அந்தச் சந்தேகம் இருந்தது.

ஒருநாள் ஐஸ் ஓரத்தில் ஒருவன் நின்றான். தைமி ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தாள்.

"இறங்க மாட்டேம்மா," என்றான். "என் பொண்டாட்டி இல்டா போன வருஷம் இங்கதான் போயிட்டா. போர்ச்சுகல்லேருந்து வந்து மூணே மாசம்."

தைமி பிடித்திருந்த கையை விட்டாள்.

"என்கூடத்தான் போன்ல பேசிட்டிருந்தா. வேணாம்னு சொன்னேன். 'பயப்படாத, ஊர்க்காரங்க நடந்த தடம் இருக்கு, அது மேலயேதான் போறேன்'னா." முகத்தைத் துடைத்துக்கொண்டான். "நீங்க எல்லாரையும் தடுக்கறீங்கன்னு காப்பிக் கடையில சொன்னாங்க. அன்னிக்கு உங்கள மாதிரி ஒருத்தர் இருந்திருந்தா..."

நன்றி சொல்லத்தான் வந்திருந்தான். தலையை ஆட்டினால் போதும், போய்விடுவான். பேசாமலிருப்பது தைமிக்குப் புதிதா என்ன?

"இருந்தேன்," என்றாள். "அதோ, அந்த ஜன்னல்ல. தடமும் என்னோடதுதான்."

அவன் ஜன்னலைப் பார்த்தான். பிறகு விரிகுடாவைப் பார்த்தான். தூரத்தைக் கண்ணாலேயே அளந்தான்.

"கூப்பிட்டிருந்தா அவளுக்குக் கேட்டிருக்குமா?"

"கேட்டிருக்கும்," என்றாள் தைமி.