பொந்துக்குள் இருந்த ஈரம்

என் அக்கா தூமன்னாவுக்குப் பிள்ளை இல்லை. இரண்டு புருஷன்மாரும் அதைச் சொல்லித்தான் அவளை விலக்கினார்கள். இரண்டாவது முறை திரும்பி வந்தபோது, விலக்கப்பட்டு வருகிறவளைக் கொண்டாடும் எங்கள் வழக்கப்படி பெண்கள் முரசு தட்டி வரவேற்றார்கள். சிரித்துக்கொண்டே வந்து, என் கூடாரத்துக்குப் பக்கத்தில் தன் கூடாரத்தை அடித்துக்கொண்டாள். மறுநாளே சுனைக்குப் போய்விட்டாள்.

பாலைவனத்துத் தகாந்த் மேட்டில் எங்கள் சுனை ஒரு செங்குத்துப் பாறையின் அடியில் இருக்கிறது. அதில் ஏழு முதலைகள் இருந்தன. மழை பெய்யும் மூன்று மாதம் மீனும் தவளையும் தின்று கொழுக்கும். தண்ணீர் வற்ற வற்ற, ஒவ்வொன்றாகப் பாறைக்கு அடியில் உள்ள பொந்துக்குள் நுழைந்துவிடும். அப்புறம் அடுத்த மழை வரை தீனி கிடையாது, அசைவும் கிடையாது. வெளியே மணல் காலைச் சுடும். உள்ளே குளிர்ந்த மண்ணில் வயிற்றைப் பதித்துக் கிடக்கும். அக்கா மட்டும்தான் வயிற்றால் ஊர்ந்துபோய் அவற்றை எண்ணிவிட்டு வருவாள். வால் நுனி அறுந்த பெரியதற்குச் சோம்பேறி என்று பேர் வைத்திருந்தாள்.

“என் ரெண்டு புருஷனுக்கும் இவன் எவ்வளவோ மேல்,” என்பாள். “எட்டு மாசம் சோறே கேக்க மாட்டான்.”

முதலை இருக்கும்வரை சுனை சாகாது என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. யாரும் அவற்றின் மேல் கல் எறிந்ததில்லை.

ஒரு வருடம் மழை பேருக்குத்தான் பெய்தது. குளிர்காலம் முடியும் முன்பே சுனை காய்ந்தது. அதன் மணலில் குழி தோண்டிக் குடித்தோம். கோடைக் கடைசியில் குழியும் வறண்டது. அடுத்த கிணறு ஒன்றரை நாள் நடை, கழுதைகள் செத்துவிட்டிருந்தன. கூடாரக்காரர்கள் பலரும் வடக்கே போனார்கள். என் மகள் மைமூனாவுக்கு இரண்டு வயது, காய்ச்சல். அவளைத் தூக்கிக்கொண்டு அந்த வெயிலில் நடக்க எனக்குத் துணிவில்லை. மனைவிக்குப் பால் வற்றிவிட்டது. பிள்ளை அழுதாள், கண்ணீர் வரவில்லை.

அன்று காலை அக்கா வந்தாள். பிள்ளையின் உதட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

“பொந்துக்குள்ள மண்ணு ஈரமா இருக்கு தம்பி. கைய வெச்சா ஒட்டுது.”

“அதுங்க உள்ள கெடக்குதே, அக்கா?”

“புள்ள கெடக்குறத நீ பாக்கலையா? கடப்பாரைய எடு.”

பக்கவாட்டில் சின்னதாகத் தோண்டு, மேலே தொடாதே என்று மட்டும் சொன்னாள். அப்படித்தான் தோண்டினேன். ஆனால் மதியத்துக்குள் ஒரு பாறை பிளந்து, பொந்தின் கூரை சரிந்து விழுந்தது. இருட்டிலேயே கிடந்த இடத்துக்குள் வெயில் இறங்கியது. முதலைகள் கண்ணைத் திறந்தன. ஒன்றுகூட எங்கள்மேல் பாயவில்லை.

முதல் நாள் ஊறிய சேற்றுத் தண்ணீரைத் துணியில் வடிகட்டினோம். இரண்டு தோல்பை நிறைந்தது. மறுநாள் அரைப் பை. மூன்றாம் நாள் ஒன்றுமில்லை. பொந்தின் தரை ஓடு மாதிரி வெடித்துவிட்டது.

ஆறு முதலைகள் வெளியேறி நடந்தன. மணலில் வால் இழுபட்ட தடத்தைப் பிடித்துக்கொண்டு அக்கா போனாள். ஒன்று வேலமரத்தடியில் செத்துக் கிடந்தது. மற்றவை அந்த நிழல்கூடக் கிடைக்காமல் கிடந்தன.

சோம்பேறி மட்டும் நகரவில்லை. அக்கா தன் கூடாரத்தைப் பிரித்து, அதன் துணியை இடிந்த இடத்தின்மேல் கட்டினாள். தன் பங்குத் தண்ணீரைச் சிறுகச் சிறுக அதன் முதுகில் விட்டாள்.

“அது நீ குடிக்க வேண்டிய தண்ணி,” என்றேன்.

“இது அதோட வீட்டுத் தண்ணிதானே, தம்பி.”

ஒன்பதாம் நாள் அது செத்தது. பைத் தண்ணீரை வாய் நனைய மட்டும் குடித்துத் தாக்குப்பிடித்தோம்; அதிலிருந்து ஆறாம் நாள் மழை வந்தது. மைமூனா பிழைத்துவிட்டாள். சுனை நிரம்பியது. அந்த வருடம் தவளைகள் கத்தியதைப்போல் நான் எந்த வருடமும் கேட்டதில்லை; தின்ன ஆள் இல்லையே.

அதன்பின் அக்கா சுனைப்பக்கம் போகவே இல்லை. டிஜிக்ஜா ஊரில் இருந்த பெரியம்மா மகள் வீட்டுக்குப் போனவள் அங்கேயே தங்கிவிட்டாள். நான் போகும்போதெல்லாம் மைமூனா எவ்வளவு வளர்ந்தாள், என்ன பேசுகிறாள் என்று கேட்பாள். குழந்தையைக் கூட்டி வா என்று ஒருமுறையும் சொன்னதில்லை.

நாலு வருடம் கழித்து, அவள் படுக்கையில் விழுந்திருந்தபோது ஒரு பொய் சொன்னேன். சுனைக்கரையில் தடம் பார்த்தேன், வேறு சுனையிலிருந்து ஒன்று நடந்து வந்திருக்க வேண்டும் என்றேன்.

அவள் சட்டென்று முழங்கையை ஊன்றி எழுந்தாள்.

“வால் தடம் நேரா இருந்துச்சா, வளைஞ்சு வளைஞ்சு இருந்துச்சா?”

நான் தேநீர்க் கோப்பையை எடுத்து அதற்குள் பார்த்தேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு மெல்லப் படுத்து, தேநீர் ஆறுவதற்குள் குடி என்றாள். அந்த வாரமே கண்ணை மூடிவிட்டாள்.