தேர்தல் முடியட்டும், அக்கா

வாக்குப்பதிவு நாளில் ராயபுரத்துச் சந்துகளில் மைமூனின் குரல்தான் முதலில் நுழையும். அடுப்படியில் நிற்கிற பெண்களைக் கையைப் பிடித்து இழுத்து, புர்காவை மாட்டவைத்து, சாவடிக்கு ஓட்டிக்கொண்டு போவாள். "சோறு எங்கியும் ஓடிடாதுடி, அஞ்சு வருசம் ஓடிடும், வா!" என்பாள். மாமியார்க்காரிகள் முணுமுணுத்தால் அவர்களையும் சேர்த்து இழுத்து வருவாள்.

சும்மா இல்லை, எல்லாம் நன்றிக்கடன். புருஷன் மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தபோதே நெஞ்சடைத்துச் செத்துப்போனான். அதன்பிறகு அவளுக்காக ஆபீஸ் ஆபீஸாக அலைந்து விதவை பென்ஷன் வாங்கிக் கொடுத்தவன் கட்சியின் வட்டச் செயலாளர் நீலமேகம். அன்றிலிருந்து அவளுக்குக் கட்சி என்றால் பிறந்த வீடு.

ஒரே மகள் ரிஸ்வானா. அவளை ஷார்ஜாவில் வேலை பார்க்கும் இர்ஃபானுக்குக் கட்டிக் கொடுத்தாள். பள்ளிவாசல் நிர்வாகத்தைக் கையில் வைத்திருக்கிற முத்தவல்லி மஸ்தான் பாயின் அக்கா மகனாயிற்றே என்று கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தாள். ஷார்ஜாவிலேயே சுமையா பிறந்தாள். குழந்தைக்கு நாலு வயதானபோது லீவில் ஊருக்குக் கூட்டி வந்தவன், பெண்டாட்டியைத் தாய்வீட்டு வாசலில் இறக்கிவிட்டான். குழந்தையைத் தன் அம்மா வீட்டில் வைத்துக்கொண்டான். "எனக்கும் அவளுக்கும் ஒத்து வரல" என்று போனில் சொன்னான், அவ்வளவுதான். அடுத்த தெருவில் இருக்கிற குழந்தையைப் பார்க்க ரிஸ்வானா எப்போது போனாலும், "தூங்குது" என்று கதவைச் சாத்தினார்கள். எந்த ஊரில் ஐயா ஒரு குழந்தை நாள் முழுக்கத் தூங்கும்?

மகளிர் காவல் நிலையத்தில், "உங்க ஜமாத்துல பேசிட்டு வாங்கம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். கோர்ட்டுக்குப் போகலாம் என்றாள் ரிஸ்வானா. மைமூனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"நம்ம கட்சி, நம்ம ஜமாத்து. ஒரு வார்த்தைல முடியறதுக்குப் போயி வக்கீலாண்ட கைகட்டி நிக்கணுமா? அப்புறம் எனுக்கு இன்னாடி மரியாத கீது இந்த ஏரியாவுல?"

கட்சிக்காரர்களுக்கென்றே இப்படி ஒரு நம்பிக்கை உண்டு. ஊருக்கெல்லாம் பேசித் தீர்த்துவைக்கிற ஆட்கள் தனக்கு மட்டும் தீர்க்காமல் போவார்களா என்று நினைத்தாள், பாவம்.

ஜமாத் கூடியது. பெண்கள் உள்ளே போகும் வழக்கம் அங்கே இல்லை. தாயும் மகளும் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்று ஜன்னல் வழியாகக் கேட்டார்கள். தொழவைக்கிற ஹஜ்ரத் பட்டென்று சொன்னார்: "மார்க்கப்படி இந்த வயசுப் பிள்ளை தாய்கிட்டதான் இருக்கணும். இதுல யோசிக்க ஒண்ணும் இல்லை." ரிஸ்வானா அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

மஸ்தான் பாய் தொண்டையைச் செருமினார். "ஹஜ்ரத் சொல்றது சரிதான். ஆனா எலெக்‌ஷன் வந்துகினு கீது. நம்மள ஒழிச்சுக் கட்டணும்னு ஒரு கூட்டம் காத்துகினு கீது. இந்த நேரத்துல ஜமாத்து ரெண்டுபட்டா யாருக்கு லாபம்? எலெக்‌ஷன் முடியட்டும், பாத்துக்கலாம்."

சரிதான் என்று எல்லோரும் தலையாட்டினார்கள். ஹஜ்ரத் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்குச் சம்பளம் கொடுப்பது மஸ்தான் பாயின் கமிட்டி. கோட்டைக்கு ஆள் அனுப்ப மைமூனின் விரல் வேண்டியிருக்கிறது, முத்தவல்லியைத் தேர்ந்தெடுக்க அது வேண்டியதில்லை. இத்தனை காலம் இது உறைக்கவே இல்லையே என்று அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

நேரே நீலமேகத்திடம் போனாள். அவன் கெட்டவன் இல்லை. டீ வாங்கிக் கொடுத்தான், கண்கூடக் கலங்கினான்.

"அக்கா, உன் பொண்ணு என் பொண்ணு மாதிரி. ஆனா மஸ்தான் பாய் கைல நாலு தெரு ஓட்டு கீது. உங்க மத விசயத்துல கட்சி பூந்துச்சுன்னா பேஜாராயிடும்."

"மத விசயமா? புள்ளைய குடுன்னு ஹஜ்ரத்தே சொல்லிட்டாரு தம்பி. இது உங்க ஓட்டு விசயம்."

"எலெக்‌ஷன் முடியட்டும்க்கா. நானே கூட்டியாந்து வுடறேன். உன்மேல ஆணை."

விஷயம் எதிர்முகாம் காதுக்குப் போகாமல் இருக்குமா? காரில் ஒரு பெண் வந்து இறங்கினாள், கூடவே கேமராக்காரன். "உங்க பொண்ணு ரெண்டு வார்த்தை அழுது பேசினாப் போதும்மா. நாடே பார்க்கும்."

"பாக்கட்டும். மொதல்ல புள்ளையக் கொணாந்து குடு, அப்புறம் படம் புடி. இவ அழுவறதக் காட்டி எங்க தெருவையே நாறடிக்கத்தானே வந்த? கெளம்பு!" என்று விரட்டினாள் மைமூன்.

விரட்டியது நியாயம்தான். ஆனால் உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருந்த ரிஸ்வானா சொன்னாள்: "எல்லாருக்கும் எதுக்கோ நான் வேணும்மா. சுமையாவுக்கு நான் வேணும்னுதான் ஒருத்தரும் பேச மாட்டேன்றாங்க." ஆனாலும் மைமூன் மறுநாள் நோட்டீஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு பிரசாரத்துக்குப் போனாள். சீக்கிரம் ஜெயித்தால் சீக்கிரம் குழந்தை வரும் என்பது அவள் கணக்கு.

ஜெயித்தார்கள். முடிவு வந்த மத்தியானம் தெரு முழுக்கப் பட்டாசுப் புகை. கழுத்தில் மாலையோடு நீலமேகம் அவள் காதில், "ஊர்வலம் முடிஞ்சதும் போலாம்க்கா" என்றான். மைமூன் உடனே மகளுக்கு போன் போட்டாள். "மூஞ்சியக் கழுவிகினு இரு, கூட்டியாறேன்."

அப்போது பின்னாலிருந்து ஹாரன் சத்தம். மஸ்தான் பாயின் வெள்ளைக் கார், முன்னால் கட்சிக்கொடி, கறுப்புக் கண்ணாடி ஏற்றியிருந்தது. கூட்டம் அசையவில்லை. இன்றைக்குப் பாய் மனசு குளிர்ந்திருந்தால்தானே காரியம் நடக்கும்? மைமூன் முன்னே ஓடினாள். இரண்டு கையையும் விரித்து, ஆடிக்கொண்டிருந்த பையன்களைத் தள்ளி, "ஓரம் போ, ஓரம் போ! பாய் வண்டிடா, வழி வுடுங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். கார் அவளை உரசிக்கொண்டு போனது. ஒரு சலாமும் வைத்தாள்.

பிறகு நீலமேகத்தை இழுத்துக்கொண்டு இர்ஃபானின் அம்மா வீட்டுக்குப் போனாள். கதவில் பூட்டுத் தொங்கியது. பக்கத்து வீட்டு ஃப்ளோரா எட்டிப் பார்த்தாள்.

"இப்பதான்க்கா ஏர்போட்டுக்குப் போனாங்க. இர்ஃபான், அவுங்கம்மா, கொழந்த, எல்லாரும். மஸ்தான் பாய் வண்டி உங்க ஊர்வலத்துக்குள்ளதானே வந்துச்சு? சுமையா ஜன்னலாண்டதான் குந்திகினு இருந்துச்சே, நீ பாக்கலியா?"

நீலமேகம் மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். யாருக்கோ போன் போட்டான், அவர் எடுக்கவில்லை. மைமூன் அவனைத் திரும்பியும் பார்க்காமல் நடந்தாள்.

வீட்டு வாசலில் ரிஸ்வானா தலைவாரி, நல்ல சுடிதார் போட்டுக்கொண்டு நின்றாள். அம்மாவின் பின்னால் எட்டிப் பார்த்தாள். "எங்கேம்மா அவ? வர்ற வழில எங்கனா ஒளிஞ்சுகினாளா?"

மைமூன் படியில் விழுந்து மாரில் அடித்துக்கொண்டாள். "நாந்தாண்டி வழி வுட்டேன். இந்தக் கையால தள்ளித் தள்ளி, நானே வழி வுட்டு அனுப்பிட்டேண்டி."