மேத்ர் அவாவால் கேட்க முடியாத கேள்வி

மொன்ட்ரியாலில் அகதி விசாரணைகளுக்கு மொழிபெயர்ப்பாளராக வேலை செய்தவள் நான். தமிழில் சொல்வதைப் பிரெஞ்சில் சொல்வேன், பிரெஞ்சில் கேட்பதைத் தமிழில் கேட்பேன். அவ்வளவுதான் வேலை. அதில் ஒரு காலை மட்டும் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

விசாரணை தொடங்கச் சற்று முன், அவா என்ற பெண் சட்டத்தரணி அறைக்கு வெளியே சுவரைப் பிடித்தபடி நின்றார். கியூபெக்கில் சட்டத்தரணியை 'மேத்ர்' என்றுதான் அழைப்பார்கள். எங்களுக்கு அவர் மேத்ர் அவா. மேற்கு ஆபிரிக்காவில், சிறைப்பட்ட மாணவர்களுக்காக வாதாடிப் பெரும் பெயர் எடுத்தவர். அந்தப் பெயரே அவரை நாட்டை விட்டுத் துரத்தியது. இங்கே டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களுக்குள் கூட்டித் துடைத்துக்கொண்டே மறுபடி சட்டம் படித்து, நகரின் வடக்கே மொன்ட்ரியால்-நோரில் அலுவலகம் திறந்தார்.

ஊரில் அவரிடம் ஜூனியராக இருந்த மமதூ அவரோடு நாட்டை விட்டு வரவில்லை. மேத்ர் விட்டுவந்த வழக்குகளை எடுத்து நடத்தினார். அதற்காகவே சிறைக்குப் போனார். அங்கேயே இறந்துவிட்டார் என்று அன்று காலைதான் செய்தி வந்திருந்தது.

அதை மறைக்காமல் அன்றைய கட்சிக்காரர் சிவநேசனிடம் சொல்லும்படி என்னிடம் சொன்னார் மேத்ர். அவர் விரும்பினால் விசாரணைக்கு வேறு நாள் கேட்கலாம் என்றார். சிவநேசன் யாழ்ப்பாணத்து மீனவர். அவருடைய தம்பியை வீட்டுக்கு வந்து கூட்டிப்போனவர்கள் திருப்பி அனுப்பவில்லை. செய்தியைக் கேட்டவர், "அவவுக்கு ஏலுமெண்டா எனக்கும் ஏலும் அக்கா" என்றார்.

உள்ளே மேத்ர் வழக்கம்போல நிதானமாகத்தான் கேட்டுக்கொண்டு வந்தார். தம்பியைக் கொண்டுபோன நாள் வந்தது. "அதற்குப் பிறகு உங்கள் தம்பியை" என்று தொடங்கியவர் நின்றுவிட்டார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. இடைவேளை வேண்டுமா என்று விசாரணை அதிகாரி மெதுவாகக் கேட்டார்.

சிவநேசன் அவர் பக்கம் திரும்பினார். "அம்மா, நீங்கள் கேளுங்கோ. நான் சொல்லுறன்."

அதைப் பிரெஞ்சில் சொன்னேன். மேத்ர் கேட்டார், தம்பியின் உடலைக் கண்டீர்களா என்று.

"இல்லை. ஒருத்தரும் காட்டேல்லை. அதாலை செத்தவீடும் செய்யேல்லை."

சிவநேசனின் அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டது. வெளியே வந்த மூவரில் யாரும் சிரிக்கவில்லை.

மமதூவின் அடக்கத்துக்கு மேத்ரால் போக முடியாது. அங்கே இறங்கினால் பிடித்துவிடுவார்கள். அதனால் அதைத் தன் அலுவலகத்தில் கைபேசியில் நேரலையாகப் பார்த்தார். என்னைக் கூட இருக்கச் சொல்லியிருந்தார். விஷயம் அறிந்த சிவநேசனும் மனைவியோடு நகரின் மேற்கே ரொக்ஸ்பரோவிலிருந்து வந்துவிட்டார். கறுப்பு அங்கியில் சட்டத்தரணிகள் உடலைச் சுமந்து வந்ததும், மேத்ர் தன் அங்கியை எடுத்து உடுத்திக்கொண்டு எழுந்து நின்றார். நாங்களும் எழுந்தோம். பாதியில் படம் அறுந்துபோனது. அவர் உட்காரவில்லை.

வெகுநேரம் கழித்துச் சிவநேசன் சொன்னார்: "என்ரை தம்பிக்கும் சேர்த்துத்தான் நிண்டனான்."

யாரும் கேட்காமலே அதை மேத்ருக்குப் பிரெஞ்சில் சொன்னேன். அப்போதுதான் அவர் அழுதார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்குச் சொல்வேன்: சொல் தெரியாவிட்டால் தேடிப் படிக்கலாம். ஆனால் ஒருவர் பேச முடியாமல் நிற்கும்போது அவசரப்பட்டு வாய் திறக்காதீர்கள். பக்கத்தில் இருங்கள்.