கண்டக்டரம்மா தன் வீட்டையே உடைத்த கதை

முன்வாசல் பூட்டு போட்டது போட்டபடி தொங்கியது. அதனால் புதன்கிழமைச் சந்தையிலிருந்து திரும்பிய கண்டக்டரம்மாவுக்குச் சந்தேகம் எதுவும் எழவில்லை. சாவியைப் போட்டுத் திறந்து உள்ளே வந்தாள். எப்போதும் இருட்டாகக் கிடக்கும் சமையலறை பளிச்சென்று இருந்தது. பின்கதவு இருந்த இடத்தில் வெயில்தான் இருந்தது, கதவைக் காணோம்.

கதவை யாரும் உடைக்கவில்லை. கீல்கள் மூன்றும் வெளிப்பக்கம் இருந்தது திருடர்களுக்கு வசதியாகப் போய்விட்டது. ஸ்க்ரூவைக் கழற்றி, கதவை அலுங்காமல் எடுத்து, தண்ணீர்த் தொட்டி மேல் சாய்த்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். டிவி, கேஸ் சிலிண்டர், தண்ணீர் மோட்டார், இரண்டு வளையல், ஓய்வு பெற்ற அன்று டிப்போவில் கொடுத்த கைக்கடிகாரம் எல்லாம் போயிருந்தன. அரிசி டின்னைக் கவிழ்த்து, அதற்குள் ஏதாவது ஒளித்து வைத்திருக்கிறாளா என்றும் பார்த்திருந்தார்கள்.

அவள் அழவில்லை. போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனபின் அரிசியைக் கூட்டி அள்ளினாள். அள்ள அள்ளக் கோபம் ஏறியது.

இருபத்தாறு வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவள். கல்யாணம் கூடி வரவில்லை. அவளும் அதைத் தேடிக்கொண்டு போகவில்லை. ஓய்வு பெற்றதும் கைக்கு வந்ததை எல்லாம் போட்டு, வயல்களுக்கு நடுவே இரண்டு அறையும் சமையலறையுமாக ஒரு வீட்டை வாங்கினாள். பக்கத்து வீடு என்று சொல்ல ஓர் ஆட்டுப்பண்ணை மட்டும்தான். அதுவும் ஒரு கூப்பிடு தூரம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தம்பி நகரத்திலிருந்து காரில் வந்து இறங்கினான். உட்காரக்கூட இல்லை.

"அக்கா, பெட்டியைக் கட்டு. இந்த வீட்டை வித்துடலாம். எங்க மாடியில ஒரு ரூம் சும்மாதான் கிடக்கு."

"எதுக்குடா?"

"எதுக்கா? ஒத்தைப் பொம்பளை, காட்டுக்குள்ள வீடு. இன்னிக்கு டிவி போச்சு. நாளைக்கு உனக்கே ஏதாவது ஆச்சுன்னா?"

"இருபத்தாறு வருஷம் நின்னுக்கிட்டே சம்பாதிச்ச வீடுடா இது. இப்பத்தான் உக்காந்திருக்கேன். எவனோ வந்து எழுப்புவான், நான் எந்திரிச்சுப் போகணுமா?"

அவள் அதோடு விடவில்லை. வீட்டின் கதவு ஜன்னல்களை எல்லாம் சாத்தித் தாழிட்டு, முன்வாசலைப் பூட்டிச் சாவியை அவன் கையில் திணித்தாள்.

"வந்ததும் நல்லதாப் போச்சு. நீ மணியைப் பாரு. நான் திருடப் போறேன்."

தம்பி சிரித்தான். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் வீட்டைச் சுற்றி நடக்க ஆரம்பித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. பின்கதவைத் தச்சர் அவசரத்துக்கு மாட்டிவிட்டுப் போயிருந்தார். அதற்குப் பக்கத்திலேயே ஒரு ஜன்னல், கதவைத் தள்ளியதுமே கொக்கி கழன்றுகொண்டது. துடைப்பக்கட்டையின் நுனியில் கம்பியை வளைத்துக் கட்டி, ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே விட்டுத் துழாவினாள். தாழ்ப்பாள் 'டக்'கென்று விழுந்தது. கதவு திறந்துகொண்டது.

"எவ்வளவு ஆச்சு?"

"ரெண்டு நிமிஷம்கூட ஆகலை" என்றான் தம்பி, பேயறைந்தவன் மாதிரி.

மறுபடி எல்லாவற்றையும் சாத்திவிட்டு, இந்த முறை தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி, அங்கிருந்து குளியலறையின் சிமெண்ட் ஷீட் கூரைக்குத் தாவினாள். ஐம்பத்தொன்பது வயது. முட்டி இரண்டும் முனகின.

"அக்கா! இறங்கு! விழுந்து இடுப்பு ஒடிஞ்சா யாரு பாக்கறது?"

"சத்தம் போடாதே, திருடும்போது யாராவது பேசுவாங்களா?"

ஷீட்டைப் பிடித்திருந்த நட்டு இரண்டும் துருப்பிடித்துக் கையாலேயே கழன்று வந்தன. ஒரு காலை உள்ளே விட்டிருப்பாள், அந்நேரம் "ஐயோ திருடன், திருடன்!" என்று வயல் அதிர ஒரு குரல். ஆட்டுப்பண்ணைக்காரி தடியும் கையுமாக வரப்பில் ஓடி வந்துகொண்டிருந்தாள்.

கூரைமேல் இருப்பது யாரென்று தெரிந்ததும் தடியைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்டக்டரம்மா சிரிக்கவில்லை.

"ஏம்மா, இன்னிக்கு நான் ஏறினது உனக்குத் தெரிஞ்சுதே, புதன்கிழமை அவனுங்க கதவைக் கழட்டினது ஏன் தெரியலை?"

"நீங்க மேல இருக்கீங்கக்கா, தெரியுது. கீழ நின்னா எப்படித் தெரியும்? உங்க வேலிதான் ஆள் உசரத்துக்கு மறைக்குதே."

கண்டக்டரம்மா கூரைமேலிருந்தே வேலியைப் பார்த்தாள். யார் கண்ணும் படாமல் இருக்கட்டும் என்று ஆசை ஆசையாக வளர்த்த வேலி. அன்று மத்தியானமே அரிவாளை எடுத்து இடுப்பளவுக்கு வெட்டித் தள்ளினாள். தம்பியும் சட்டையைக் கழற்றிவிட்டுக் கிளைகளை இழுத்துப் போட்டான். தனியாகத்தான் ஊர் திரும்பினான்.

அடுத்த வாரம் தச்சர் வந்தார். பின்கதவு உள்பக்கம் திறக்கும்படி மாறியது, கீல்கள் உள்ளே போயின. கதவின் குறுக்கே ஓர் இரும்புப் பட்டை. ஜன்னலுக்கு நெருக்கமான கம்பி வலை. தண்ணீர்த் தொட்டி சுவரை விட்டுத் தள்ளிப் போனது. குளியலறைக் கூரைக்கு அடியில் கம்பி அடித்தாயிற்று. வேலை முடிந்து தச்சர் கையைத் துடைத்தபோது, "இப்ப வெளிய போய் உடைச்சுக் காட்டுங்க" என்றாள்.

"நான் செஞ்சதை நானே உடைக்கறதா?"

"வேற யாரு வந்து உடைக்கணும்கறீங்க?"

அரைமணி நேரம் கடப்பாரையோடு மல்லுக்கட்டினார் மனிதர். வேர்த்து விறுவிறுத்துப் போய், "அக்கா, இது அசையாது. ஆளை விடுங்க" என்று உட்கார்ந்துவிட்டார்.

விஷயம் பரவியது. முதலில் ஆட்டுப்பண்ணைக்காரி, "எங்க வீட்டையும் ஒரு தடவை உடைச்சுப் பாருங்களேன்" என்று வெட்கப்பட்டுக்கொண்டே கேட்டாள். பிறகு வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் டீயைக் குடித்துவிட்டு, அந்த வீட்டுக்காரர்களின் கண்ணெதிரிலேயே கண்டக்டரம்மா பூட்டிய வீட்டுக்குள் போனாள். ஒரு வீட்டில் சாவி செருப்புக்கு அடியில் இருந்தது. "கஷ்டப்பட்டு எதுக்கு ஒளிச்சு வெச்சீங்க? பூட்டுலயே தொங்க விட்டிருக்கலாமே" என்றாள்.

நாலு மாதம் கழித்து ஒரு புதன்கிழமை, காய்ச்சலாக இருந்ததால் அவள் சந்தைக்குப் போகாமல் போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். நல்ல வெயில் நேரம். பைக் ஒன்று வந்து நின்றது. கொஞ்ச நேரத்தில் பின்கதவில் இரும்பு உரசும் சத்தம்.

அவள் பயந்துதான் போனாள். அதைப் பிற்பாடு எல்லாரிடமும் மறைக்காமல் சொன்னாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்கு வந்து ஜன்னல் வழியாகப் பார்த்தாள். இரண்டு பேர். ஒருவன் முகம் தெரிந்த முகம். சென்ற வருஷம் குழாய் பழுது பார்க்க வந்தவன். டீ போட்டுக் கொடுத்து, "புதன்கிழமை மட்டும் வராதேப்பா, சந்தைக்குப் போயிடுவேன்" என்று அவளே வாயால் சொல்லி அனுப்பியிருந்தாள். அது நினைவு வந்ததும் பயம் போன இடம் தெரியவில்லை.

"குழாய்க்காரத் தம்பி, அது திறக்காது. செஞ்ச தச்சரே உடைச்சுப் பார்த்துட்டாரு."

அவன் கையிலிருந்த கடப்பாரை காலில் விழுந்தது. "அம்மா... நீங்க சந்தைக்குப்..."

"போகலை. உனக்காகத்தான் இருக்கேன்."

சொல்லிவிட்டு, கூட்டம் நிரம்பி வழியும் பஸ்ஸில் கடைசி சீட்டுவரை கேட்கும்படி இருபத்தாறு வருஷம் கத்திய தொண்டையைத் திறந்தாள். ஆட்டுப்பண்ணைக்காரி நிமிர்ந்து பார்த்தாள். வெட்டிய வேலிக்கு மேலாக இரண்டு தலைகள் ஓடுவது நன்றாகவே தெரிந்தது. அவள் புருஷன் டிராக்டரைக் கொண்டுபோய்ப் பாதையின் குறுக்கே நிறுத்தினான். ஒருவன் வயலில் விழுந்து எழுந்து ஓடிவிட்டான். குழாய்க்காரன் பைக்கோடு மாட்டிக்கொண்டான்.

டிவியும் சிலிண்டரும் மோட்டாரும் அவன் வீட்டுப் பின்புறக் கொட்டகையில் கிடைத்தன. வளையலும் கடிகாரமும் கிடைக்கவே இல்லை.

கேஸ் நடக்கையில் குழாய்க்காரனின் மாமா ஒருநாள் அவளைத் தேடி வந்தார். வெள்ளைச் சட்டை, தணிந்த குரல். "சின்னப் பையன், தெரியாம பண்ணிட்டான். வாபஸ் வாங்கிடுங்கம்மா. நீங்களும் தனியா இருக்கறவங்க. நாளைப்பின்ன எதுக்கு வம்பு?"

கண்டக்டரம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். டிக்கெட் இல்லாமல் ஏறியவரைப் பார்க்கிற பார்வை.

"தனியா இருக்கேன்னு நீங்க சொல்றது கரிசனமா, மிரட்டலா? மிரட்டல்னா இப்பவே சொல்லிடுங்க. நாளைக்குக் கோர்ட்டுக்குப் போறேன், அதையும் சேர்த்தே சொல்லிடறேன்."

"ஐயையோ, நான் அப்படிச் சொல்லலம்மா..."

"அப்ப இறங்கிக்குங்க."

மனிதர் படியில் தடுக்கிவிழாத குறையாக இறங்கிப் போனார். மறுநாள் காலை முதல் பஸ்ஸுக்கு அவள் கிளம்பினாள். நாலு வாய்தா ஆனது. நாலுக்கும் போனாள். குழாய்க்காரனுக்கு ஒன்றரை வருஷம் ஜெயில் கிடைத்தது.