ஆறரை கிலோவும் அண்ணியின் தூக்கும்

வெள்ளிக்கிழமை மதியம் 2.30. திண்டிவனத்தில் வீட்டு வாசலில் நின்று என் சைக்கிள் பையைக் கொக்கித் தராசில் மாட்டித் தூக்கினேன். ஆறரை கிலோ. இந்த ஆறரைக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பிரஷ்ஷின் காம்பைப் பாதியாக நறுக்கினேன். சோப்பில் கால் துண்டு, சுடிதார் இரண்டே செட். நான் கணக்கு டீச்சர், ஐம்பது கிராமைக்கூட விட்டுக்கொடுக்க மாட்டேன்.

போன வருடம் பதினான்கு கிலோவைக் கட்டிக்கொண்டு கல்வராயன் மலை ஏறப் போனேன். பாதி மலையில் ஒரு கொண்டை ஊசி வளைவில் காலை ஊன்றியவள், அப்புறம் ஏறவே இல்லை. பால் வண்டியில் சைக்கிளோடு உட்கார்ந்து கீழே இறங்கிய போட்டோ, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இன்றுவரை சுற்றுகிறது. இந்தத் தடவை அந்த வளைவைக் கால் ஊன்றாமல் கடக்க வேண்டும். நாற்பத்தாறு வயதில் எனக்கு வேறு ஆசையே இல்லை.

கூட வந்தவள் பிலோமினா. ஒலக்கூர்ப் பக்கம் நர்ஸ். அவள் பை ஏழு கிலோ, போர்வையோடு. எனக்குப் போர்வை கிடையாது. இரண்டு ராத்திரியும் சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிட்டால் போர்வை எதற்கு என்று கணக்குப் போட்டிருந்தேன். எண்ணூறு கிராம் மிச்சம். அந்தப் புத்திசாலித்தனத்தை நினைத்தால் இப்போதும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

மாலை 5.15. முப்பத்தெட்டு கிலோமீட்டர் மிதித்து விழுப்புரம் சேர்ந்தோம். வழியில் ஒரே டீ, பதினைந்து ரூபாய். என் வீட்டுக்காரரின் அக்காவை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். அவர் வீட்டில் நல்ல சாப்பாடு, நல்ல தூக்கம். காலை ஐந்து மணிக்குக் கிளம்பும்போது அண்ணி ஒரு பெரிய எவர்சில்வர் தூக்கையும் துணிப்பை ஒன்றையும் கொண்டுவந்து வைத்தார். தூக்கு நிறைய அதிரசம், பையில் இரண்டு கிலோ மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை.

"கச்சிராயபாளையத்துல எம் பொண்ணு வூட்லதானே தங்கப் போற? குடுத்துடு. போற வழிதானே."

"அண்ணி, வெயிட்டு ஏறினா மலை ஏற முடியாது."

"நீயா சொமக்கப் போற? சைக்கிள்தானே சொமக்குது. தூக்கு மட்டும் பத்திரம், என் பேரு வெட்டியிருக்குது. வர்றப்போ கொண்டாந்துடு."

இரண்டையும் கேரியரில் கட்டினேன். பிலோமினா ரோட்டுக்கு வந்ததும் வாயைத் திறந்தாள்.

"இன்னா டீச்சர் இது பேஜாரு? போர்வையே எடுத்துக்கினு வந்திருக்கலாம் இல்ல?"

சனிக்கிழமை முழுக்க உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி வழியாகத் தொண்ணூறு கிலோமீட்டருக்குமேல் அந்தத் தூக்கு என் பின்னால் லொட லொடவென்று ஆடிக்கொண்டே வந்தது. மதியம் 3 மணிக்கு மலை அடிவாரத்தில் கச்சிராயபாளையம். அண்ணி மகள் சுகந்தியிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்தபோது எனக்கு உயிர் வந்தது.

அந்த உயிர் மறுநாள் காலை 5.30 வரைக்கும்தான். சுகந்தி தூக்கைக் கழுவித் துடைத்து, வாய்வரை அச்சுவெல்லம் நிரப்பி என் கேரியரில் கட்டிக்கொண்டிருந்தாள்.

"சுகந்தி, நான் மலை ஏறி அந்தப் பக்கம் சங்கராபுரம் வழியா இறங்கறேன்டி! வெறும் தூக்கா குடு, போதும்."

"வெறும் பாத்திரத்த எப்பிடி அத்தை குடுத்து அனுப்பறது? எங்க அம்மா என்னை இன்னான்னு நெனைக்கும்?"

எனக்கு அழுகையே வந்தது. அழுதால் அதற்கும் ஏதாவது கட்டிக் கொடுப்பாள் என்று பேசாமல் மிதித்தேன்.

காலை 7.40. அந்த வளைவு மேலே தெரிந்தது. வளைவுக்கு இருநூறு மீட்டர் முன்னால் ஓரமாக நிறுத்தினோம். வாங்கி வந்த பிஸ்கட் தீர்ந்திருந்தது. பிலோமினா கேட்காமல் கொள்ளாமல் தூக்கைத் திறந்தாள்.

"துன்னுங்க டீச்சர். தெம்பும் வரும், வெயிட்டும் கொறையும்."

அண்ணிக்குப் போக வேண்டிய வெல்லம். முதல் அச்சைத் தயங்கித்தான் கடித்தேன். நான்காவதைத் தயங்காமல் கடித்தேன். அடுத்து ஒரு ஆட்டு மந்தை வந்தது. இடையர்கள் இரண்டு பேருக்கும் கைநிறையக் கொடுத்தோம். தூக்கு பாதியானது.

ஏறினேன். வளைவின் உள்பக்கத்தில் சைக்கிள் நிற்கிற மாதிரி ஊர்ந்தது. பின்னால் தூக்கு மூடி டங்கு டங்கென்று அடித்தது. கால் பெடலைவிட்டு இறங்கவில்லை. வளைவு முடிந்ததும் சந்தோஷத்தில் என்னை அறியாமல் கத்திவிட்டேன். "அப்பிடிப் போடுங்க டீச்சர்!" என்று பிலோமினா கீழேயிருந்து பதில் கத்தினாள்.

காலை 10.15. மலைமேல் இருக்கும் வெள்ளிமலை ஊர். பால் வண்டி இல்லாமல் வந்த போட்டோவைக் குடும்பக் குழுவில் போட்டேன். அடுத்த நிமிடமே அண்ணியின் பதில்: "தூக்கு பத்திரமா?"

திட்டிக்கொண்டே எதிரே இருந்த மளிகைக் கடைக்குப் போனேன். பிலோமினா தண்ணீர் பாட்டிலோடு பின்னால் வந்தாள். கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்டார். நான் தூக்கின் மூடியைத் திறந்து, பாதி வெல்லத்தை அவருக்குக் காட்டினேன்.

"இத ஒரு கவர்ல கட்டிக் குடுங்க. தூக்கு நெறைய சாமை அரிசி போடுங்க."

பிலோமினா என்னையே பார்த்தாள்.

"இன்னாடி பாக்குற?" என்றேன். "அரைத் தூக்கோட அண்ணி வாசல்ல போய் எப்பிடி நிக்கறது?"